லாட்வியாவின் லாட்ஸ் நாணயங்களைச் சேர்ப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

என் அக்கா மகன் படிப்புக்காக லாட்வியத் தலைநகர் ரீகாவில் இருந்தபோது ஒருநாள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினான். "மாமா, வீட்டுக்காரப் பாட்டி ஊறுகாய் பாட்டில் நிறையப் பழைய சில்லறை வெச்சிருக்காங்க. உனக்கு வேணுமான்னு கேக்கறாங்க." வேண்டாம் என்று சொல்வேனா? விடுமுறைக்கு வந்தவன் பையிலிருந்து கனமான ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தான். லாட்வியாவின் லாட்ஸ் நாணயங்கள் எனக்குப் பழக்கமானது அப்படித்தான்.

சோவியத் ஒன்றியம் உடைந்து பிரிந்த 15 நாடுகளில் எதை எடுத்துக்கொண்டாலும் நாணயம் சேர்க்கலாம். ஆனால் உக்ரைன், கஜகஸ்தான் போன்ற நாடுகளில் இன்றும் புது நாணயம் வந்துகொண்டே இருக்கிறது. பட்டியல் முடிவதே இல்லை. பால்டிக் நாடுகள் மூன்றும் யூரோவுக்கு மாறிவிட்டன: எஸ்டோனியா 2011இல், லாட்வியா 2014இல், லிதுவேனியா 2015இல். அவற்றின் சொந்த நாணயங்களுக்கு முற்றுப்புள்ளி விழுந்துவிட்டது. லாட்வியாவின் லாட்ஸ் இந்த முறை புழங்கியது 1993 முதல் 2013 வரை, சுமார் 20 ஆண்டு. ஆரம்பித்தால் முடிக்கக்கூடிய தொகுப்பு. முதல்முறை ஒரு நாட்டை முழுதாகச் சேர்க்க நினைப்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். மூன்றில் ஏன் லாட்வியா என்றால், அதன் நாணயங்களில் வரும் எறும்புக்காகவும் முள்ளெலிக்காகவும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு

இதைத் தெரிந்துகொள்ளாமல் நாணயம் வாங்கினால், கையில் இருப்பது என்னவென்றே புரியாது.

லாட்வியர்களிடம் "உங்கள் புதிய நாடு" என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள். அவர்கள் நாடு 1918 நவம்பர் 18 அன்று பிறந்தது. 1940இல் சோவியத் ஆக்கிரமித்தது. 1990 மே 4இல் சுதந்திரத்தை மீட்பதாக அறிவித்து, 1991 ஆகஸ்டில் முழுமையாக மீட்டார்கள். இந்தப் பிடிவாதம் காசில் அப்படியே தெரியும். மத்திய ஆசிய நாடுகள் தங்கள் பணத்துக்குப் புதிதாகப் பெயர் தேடிக்கொண்டிருக்க, லாட்வியாவோ 1922இல் இருந்த லாட்ஸ், சாண்டிம் (லாட்ஸில் நூறில் ஒரு பங்கு) என்ற பெயர்களையே எடுத்து வைத்துக்கொண்டது. நாணயத்தில் உள்ள, சிங்கமும் கிரிஃபின் என்ற கழுகுத்தலைப் புராண விலங்கும் தாங்கும் சின்னம், தலைக்கு மேல் மூன்று நட்சத்திரங்கள், எல்லாமே அந்தப் பழைய குடியரசினுடையவை.

லாட்ஸ் நேராக வந்துவிடவில்லை. நடுவில் 1992 மே மாதம் லாட்விய ரூப்லிஸ் என்ற தற்காலிகப் பணத்தை விட்டார்கள். அப்போது மத்திய வங்கித் தலைவராக இருந்தவர் எய்னார்ஸ் ரெப்ஷே. மக்கள் அந்தத் தாள்களுக்கு அவர் பெயரிலேயே "ரெப்ஷிகி" என்று செல்லப்பெயர் வைத்தார்கள். ரூப்லிஸ் தாளாக மட்டுமே வந்தது, நாணயம் கிடையாது. எனவே உங்கள் ஆல்பத்தில் அதற்கு இடம் ஒதுக்க வேண்டாம். 1993 மார்ச் 5இல் 5 லாட்ஸ் தாளோடு லாட்ஸ் திரும்ப வந்தது. 200 ரூப்லிஸுக்கு 1 லாட்ஸ்.

இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. லாட்ஸ் வந்தது 1993இல். ஆனால் முதல் நாணயங்களில் இருப்பது 1992. முன்கூட்டியே அடித்து வைத்துவிட்டார்கள். 1993 என்று போட்ட சாண்டிம் எங்கே என்று நான் இரண்டு வாரம் தேடியிருக்கிறேன். அப்படி ஒன்று கிடையாது.

படி 1: எதுவரை போவது என்று முடிவு செய்யுங்கள்

மூன்று சுற்றாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

முதல் சுற்றில் மதிப்புக்கு ஒன்று: 1, 2, 5, 10, 20, 50 சாண்டிம், 1 லாட்ஸ், 2 லாட்ஸ். எட்டே நாணயம். 2 லாட்ஸில் மட்டும் இரண்டு வடிவம் உண்டு. 1992 தேதியிட்டது முழுக்க வெள்ளை நிறச் செம்பு-நிக்கல். 1999 முதலான தேதிகளில் வந்தது இரு உலோக நாணயம், நம் பத்து ரூபாய் போல நடுவில் ஒரு நிறம், சுற்றிலும் ஒரு நிறம். இரண்டிலும் இருப்பது பசுதான். ஆக ஒன்பது.

இரண்டாவது சுற்று ஒவ்வொரு மதிப்பிலும் ஆண்டு வாரியாக. மூன்றாவது சுற்று சிறப்பு 1 லாட்ஸ் நாணயங்கள்.

மூன்றையும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள். முதல் சுற்று முடிந்து ஒன்பது நாணயங்களையும் கையில் உருட்டிப் பார்த்த பிறகு ஆர்வம் மிச்சம் இருந்தால் மட்டும் அடுத்தது.

படி 2: சாமான்கள்

பெரிதாக எதுவும் வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, வெர்னியர் காலிப்பர், ஒரு சிறிய காந்தம். பிறகு ஒரு நோட்டு. காந்தம் ஏன் என்பது அடுத்த படியில் தெரியும்.

படி 3: கொட்டிப் பிரிப்பது

பாட்டியின் பொட்டலத்தை நான் பிரித்த விதத்தைச் சொல்கிறேன். கலவையாக எடைக்கு வாங்கும் குவியலுக்கும் இதே முறைதான்.

தரையில் ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரித்துக் கொட்டினேன். செய்தித்தாளில் கொட்டாதீர்கள், மை ஒட்டும். முதலில் அந்நியர்களை வெளியேற்ற வேண்டும். பால்டிக் சில்லறை எப்போதும் ஒன்றோடொன்று கலந்தே வரும். குதிரை மேல் வாளோங்கிய வீரன் இருந்தால் அது லிதுவேனியா. ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று சிங்கங்கள் இருந்தால் எஸ்டோனியா. அந்தப் பொட்டலத்தில் எட்டு லிதுவேனிய சென்டும், ஏதோ ஒரு ஓட்டலின் டோக்கனும், கோட் பொத்தான் ஒன்றும் இருந்தன.

அடுத்து காந்தம். 1, 2 சாண்டிம் இரண்டும் செம்பு பூசிய எஃகு, ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். 5, 10, 20 நிக்கல் பித்தளை, மஞ்சளாக இருக்கும், ஒட்டாது. 50 சாண்டிமும் லாட்ஸும் செம்பு-நிக்கல், வெள்ளையாக இருக்கும், அவையும் ஒட்டாது. காந்தத்தை ஒரு பாலிதீன் உறைக்குள் போட்டுக் குவியல் மேல் மெல்லக் கொண்டுபோனால், சின்னச் சிவப்புக் காசுகள் திராட்சைக்கொத்து மாதிரித் தொங்கிக்கொண்டு வரும். உறையைத் திருப்பினால் பொலபொலவென்று விழும். அரை மணி நேர வேலை அரை நிமிடத்தில் முடிந்தது. வேகமாக உரசினால் கீறல் விழும், அதனால்தான் உறை.

மிச்சத்தைக் கண்ணாலேயே பிரிக்கலாம். ஒரு விநோதம் இருக்கிறது: 50 சாண்டிம் 20 சாண்டிமை விடச் சிறியது. 20 சாண்டிம் 21.5 மில்லிமீட்டர் விட்டம், 50 சாண்டிம் 18.8 தான். நிறம் மாறும் இடத்தில் அளவு மறுபடி சின்னதில் இருந்து ஆரம்பிக்கிறது. 1 லாட்ஸ் 21.75 மில்லிமீட்டர், 4.8 கிராம்.

எழுத்தைப் படிக்கவும் கொஞ்சம் பழகுங்கள். லாட்விய மொழியில் எண்ணுக்கு ஏற்பப் பெயரின் விகுதி மாறும். ஒன்று என்றால் சாண்டிம்ஸ், இரண்டும் ஐந்தும் என்றால் சாண்டிமி, பத்து, இருபது, ஐம்பது என்றால் சாண்டிமு. அதேபோல ஒரு லாட்ஸ், இரண்டு லாட்டி. விற்பவர் பட்டியலில் மூன்று விதமாக எழுதியிருந்தால் மூன்று பணம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் இந்தக் கட்டுரையில் எல்லாவற்றையும் சாண்டிம், லாட்ஸ் என்றே எழுதுகிறேன்.

50 சாண்டிமைக் கையில் எடுத்து லென்ஸில் பாருங்கள். ஒரு பைன் மரக்கன்று. 1 லாட்ஸில் துள்ளும் சால்மன் மீன், 2 லாட்ஸில் பசு. வரைந்தவர் குனார்ஸ் லூகின்ஸ், அதை அச்சுக்கான சிற்பமாக வார்த்தவர் யானிஸ் ஸ்ட்ருபுலிஸ். அரசன் இல்லை, தலைவன் இல்லை, போர்வீரன் இல்லை. ஐம்பது ஆண்டு தலைவர்களின் சிலைகளைப் பார்த்துச் சலித்த ஒரு ஊர் மரக்கன்றையும் மீனையும் பசுவையும் தேர்ந்தெடுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. சால்மனின் முதுகுதான் முதலில் தேயும். அங்கே செதில் தெளிவாகத் தெரிந்தால் நல்ல நாணயம்.

படி 4: ஆண்டுகள்

1992 தேதிதான் எங்கு பார்த்தாலும் கிடைக்கும். அதற்குப் பிறகு தேவைப்பட்டபோது மட்டும் அடித்தார்கள். தேய்ந்து தொலையும் சின்னக் காசுகளுக்கு ஆண்டுகள் அதிகம், பெரிய காசுகளுக்குக் குறைவு. 1 சாண்டிமில் 1992, 1997, 2003, 2005, 2007, 2008 என்று ஆறு தேதிகள். 10 சாண்டிமில் இரண்டே இரண்டு: 1992, 2008. 50 சாண்டிமில் 1992, 2007, 2009. சால்மன் லாட்ஸில் 1992, 2007, 2008.

ஒரு மதிப்பில் ஒரு தேதி மட்டும் வரவில்லை என்றால் கவலைப்பட்டு அதிக விலை கொடுக்க வேண்டாம். பாட்டியின் பொட்டலத்தில் 10 சாண்டிம் நாற்பதுக்கு மேல் இருந்தது, 2008 அதில் மூன்றுதான். ஆனால் அடுத்து வாங்கிய கால் கிலோவில் பாதி 2008. எந்த ஆண்டு எந்த வீட்டின் பாட்டிலில் விழுந்தது என்பதைப் பொறுத்தது.

படி 5: சிறப்பு லாட்ஸ்கள்

லாட்வியாவைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணம் இங்கே இருக்கிறது.

2001இல் மத்திய வங்கி ஒரு வேலை செய்தது. சால்மன் இருக்க வேண்டிய இடத்தில் நாரையைப் போட்டு 1 லாட்ஸ் அடித்தது. அதே அளவு, அதே எடை, அதே உலோகம். நினைவு நாணயம் என்று பெட்டியில் வைத்து விற்காமல், புழக்கத்திலேயே விட்டது. 2003இல் எறும்பு. 2004 முதல் 2013 வரை ஆண்டுக்கு இரண்டு. மொத்தம் 22 தலைப்புகள்.

2004இல் காளானும், லாட்வியக் கதையில் வரும் ஸ்ப்ரீதீதிஸ் என்ற குட்டிப் பையனும். 2005இல் ரீகாவின் புனித பீட்டர் தேவாலயக் கோபுரத்து உச்சியில் காற்றுத் திசை காட்டும் சேவல், கூடவே கிளிஞ்ஜெரிஸ் என்ற முறுக்கு வடிவ இனிப்பு ரொட்டி. பிறந்தநாளுக்கு நாம் கேக் வெட்டுவது போல அங்கே அதைச் சுடுவார்கள். 2006இல் கோடைக்கால உச்சித் திருவிழாவான லீகோவின் பூமாலை, பைன் காய். 2007இல் ஆந்தை உருவ உடை ஊசி, பனிமனிதன். 2008இல் அல்லி, புகைபோக்கி துடைப்பவர். புகைபோக்கிக்காரரைக் கண்டால் அதிர்ஷ்டம் என்பது அங்கே நம்பிக்கை. 2009இல் பழைய குலத்தலைவன் நமெய்ஸின் பெயரால் வழங்கும் பின்னல் மோதிரம், கிறிஸ்துமஸ் மரம். ஊர்ச் சதுக்கத்தில் மரத்தை அலங்கரிக்கும் வழக்கம் 1510இல் தங்கள் ஊரில்தான் தொடங்கியது என்று ரீகாக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். எஸ்டோனியத் தலைநகர் தாலினில் போய்ச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், அது அவர்கள் பாடு. 2010இல் தேரையும் குதிரை லாடமும். 2011இல் பியர் குவளை, இஞ்சி ரொட்டி இதயம். 2012இல் முள்ளெலி, கிறிஸ்துமஸ் மணி. 2013இல் கோக்லே என்ற நரம்பு வாத்தியம், கடைசியாக லாட்ஸுக்கு விடைகொடுக்கும் மாற்று விகித நாணயம்.

குதிரை லாடத்தை மட்டும் கவனியுங்கள். அதில் இரண்டு வகை: வாய் மேல்நோக்கியது ஒன்று, கீழ்நோக்கியது ஒன்று. வாய் மேலே இருந்தால்தான் அதிர்ஷ்டம் கொட்டாமல் நிற்கும் என்பார் ஒருவர், கீழே இருந்தால்தான் வாசலைக் கடப்பவர் தலையில் கொட்டும் என்பார் மற்றவர். மத்திய வங்கி இரண்டு தரப்பையும் பகைத்துக்கொள்ளவில்லை. எனவே 22 தலைப்பு, 23 நாணயம். "முழு செட்" என்று விற்பவரிடம் வாங்கினால் முதலில் லாடத்தை எண்ணுங்கள்.

அரிது எது? முதலில் வந்த நாரையும் எறும்பும் குறைவாக அடிக்கப்பட்டவை. பின்னால் வந்தவை கூடுதல். ஆனால் எல்லாமே, கையில் கிடைத்தவுடன் ஜனங்கள் எடுத்து வைத்துக்கொண்ட நாணயங்கள். அதனால் இன்று கிடைப்பதில் பெரும்பாலும் பளபளப்பானவைதான். கடை கடையாகச் சுற்றி முதுகு தேய்ந்த முள்ளெலி கிடைத்தால் எனக்கு அதுதான் பிடிக்கும். புழக்க நாணயம் என்று பெயர் வைத்துவிட்டுப் புழங்காததைத் தேடுவது என்ன நியாயம்? இதில் எல்லாச் சேகரிப்பாளர்களும் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள்.

ஒரு பொறி இருக்கிறது. லாட்விய மத்திய வங்கி, சேகரிப்பாளர்களுக்கென்று வெள்ளியிலும் 1 லாட்ஸ் நாணயங்களை நிறைய வெளியிட்டது. வெள்ளிக்கு நடுவில் நீலமோ ஊதாவோ மின்னும் நியோபியம் என்ற உலோகம் வைத்த "கால நாணயம்" ரொம்பப் பிரபலம். அதிலும் 1 லாட்ஸ் என்றுதான் இருக்கும். அவை அழகானவை, விலை உயர்ந்தவை, ஆனால் புழக்க நாணயங்கள் இல்லை. எடையைப் பாருங்கள். 4.8 கிராம், 21.75 மில்லிமீட்டர் என்றால் நமக்கு வேண்டியது. அதற்கு மேல் என்றால் வேறு தொகுப்பு.

படி 6: விலை பேசுவதற்கு முன் ஒரு கணக்கு

பெரும்பாலான செத்துப்போன பணத்துக்கு அடிவிலை என்று ஒன்று கிடையாது. இதற்கு உண்டு. லாட்வியாவின் மத்திய வங்கி லாட்ஸ் தாள்களையும் நாணயங்களையும் கால வரம்பு இல்லாமல் இன்றும் யூரோவாக மாற்றித் தருகிறது. விகிதம் 1 யூரோவுக்கு 0.702804 லாட்ஸ். 2005 ஜனவரி 1 முதல் அசையாமல் வைத்திருந்த அதே விகிதம்.

திருப்பிப் போட்டால் 1 லாட்ஸ் கிட்டத்தட்ட 1.42 யூரோ. 2013 முடிவில் ஒரு லாட்ஸ் பிரிட்டிஷ் பவுண்டைவிட மதிப்பானது. எனவே ஒரு சால்மன் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் ரீகாவில் அதற்கு 1.42 யூரோ கிடைக்கும். அதைவிடக் கீழே விற்க உள்ளூர்க்காரர் யாரும் சம்மதிக்க மாட்டார். லாட்ஸைக் கிலோ கணக்கில் அடிமாட்டு விலைக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், உள்ளே லாட்ஸ் இருக்காது, 1 சாண்டிமும் 2 சாண்டிமும்தான் இருக்கும்.

இப்போது முதல் சுற்றின் கணக்கு. 1, 2, 5, 10, 20, 50 கூட்டினால் 88 சாண்டிம். அதோடு 1 லாட்ஸ், 2 லாட்ஸ். மொத்தம் 3.88 லாட்ஸ், அதாவது சுமார் 5.52 யூரோ. எட்டு நாணயச் செட்டின் முகமதிப்பு இவ்வளவுதான். ஒருவர் அழகான அட்டையில் வைத்து இதே செட்டை இதைப்போல ஐந்து மடங்குக்கு விற்றால், நீங்கள் அட்டைக்குக் காசு கொடுக்கிறீர்கள். சிறப்பு லாட்ஸ் 23க்கும் முகமதிப்பு சுமார் 32.70 யூரோ. இதற்கு மேல் கொடுப்பதெல்லாம் அரிதுக்கும் அழகுக்கும் உங்கள் அவசரத்துக்கும்.

நான் அவசரத்துக்குக் கொடுத்திருக்கிறேன். நாரை என்று எழுதியிருந்த ஒரு விளம்பரத்துக்குப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் பணம் அனுப்பினேன். வந்தது சேவல். அதுவும் ஒரு பறவைதானே என்று விற்றவர் பதில் எழுதினார். அன்று முதல் இரண்டு பக்கப் படமும், தேதி தெரியும் நெருக்கப் படமும் கேட்காமல் நான் எதையும் வாங்குவதில்லை.

எங்கே வாங்குவது? ரீகாவில் படிப்பவர், வேலை செய்பவர் யாராவது தெரிந்தால் அதுதான் முதல் வழி. இந்திய மாணவர்கள் அங்கே கணிசமாக இருக்கிறார்கள். இங்கே பெருநகரங்களில் நடக்கும் நாணயக் கண்காட்சிகளில் "உலக நாணயம், ஒன்று பத்து ரூபாய்" என்று எழுதிய டப்பாக்களைக் கிளறினால் சாண்டிம்கள் கிடைக்கும். லாட்ஸ் அபூர்வமாகத்தான் மாட்டும். ஆனால் மாட்டினால் 1.42 யூரோ நாணயம் பத்து ரூபாய்க்கு வந்துவிடும். எனக்கு ஒருமுறை 50 சாண்டிம் அப்படி வந்தது. மூன்றாவது வழி மாற்றிக்கொள்வது. அங்குள்ள சேகரிப்பாளர்களுக்கு நம்முடைய நினைவு நாணயங்களில் ஆர்வம் இருக்கும். தபாலில் அனுப்பும் முன் நாணயம் அனுப்புவதற்கு இரு நாட்டிலும் என்ன விதி என்று தபால் நிலையத்தில் கேட்டுவிடுங்கள். சாதாரண உறையில் வைத்து அனுப்பினால் பாதி வழியில் காணாமல் போகும், யாரையும் கேட்க முடியாது.

படி 7: தேய்க்காதீர்கள்

இந்தப் படியை நான் என் முட்டாள்தனத்தில் இருந்து எழுதுகிறேன்.

பாட்டியின் 1 சாண்டிம்கள் கறுத்துப் போயிருந்தன. செம்புதானே, குத்துவிளக்குக்குப் போடுவது போலப் புளியைக் கரைத்து நான்கு காசுகளை ஊறவைத்து, நார் போட்டுத் தேய்த்தேன். ஐந்து நிமிடத்தில் இளஞ்சிவப்பாக ஜொலித்தன. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மறுவாரம் எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் காவி நிறப் பொட்டு. அடுத்த மாதம் அந்தப் பொட்டு படர்ந்து துரு. மேலே இருந்த செம்பு ஒரு மெல்லிய தோல்தான். அது அரிக்கப்பட்ட இடத்தில் உள்ளே இருந்த எஃகு ஈரக்காற்றைக் கண்டுவிட்டது. நான்கில் இரண்டு போயேபோய்விட்டன. மிச்சம் இரண்டைக் கண்ணில் படும் இடத்தில் வைத்திருக்கிறேன், புத்தி வருவதற்காக.

எனவே எலுமிச்சை, புளி, பற்பசை, பித்தளைப் பாலிஷ் எதுவும் கூடாது. ஒட்டும் அழுக்கு இருந்தால் இளஞ்சூட்டு நீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டு, விரலால் மட்டும் தடவி, நல்ல தண்ணீரில் அலசி, மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள், துடைக்க வேண்டாம். பிறகு காகிதத்தில் பரப்பி முழுதாகக் காயவிடுங்கள். 1, 2 சாண்டிம்களுக்கு இதுகூட அவசியம் என்றால் மட்டும். கறுப்பு அதன் வயது, அப்படியே இருக்கட்டும்.

படி 8: வைக்கும் இடம்

நாணயத்தை எப்போதும் ஓரத்தில் பிடியுங்கள். நடுவில் சாளரம் உள்ள அட்டை ஹோல்டர் போதும். ஸ்டேப்ளர் பின் அடித்ததும் அதன் முனையை இடுக்கியால் நசுக்கி விடுங்கள், இல்லையென்றால் பக்கத்து நாணயத்தைக் கீறும். மலிவான மெத்தென்ற பிளாஸ்டிக் ஆல்பங்கள் வேண்டாம். அதில் இருக்கும் பிவிசி நாளடைவில் பச்சைப் பிசினாக நாணயத்தில் ஒட்டும். நம்மூர்க் கடலோரப் புழுக்கத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். இறுக்கமாக மூடும் டப்பாவுக்குள் ஆல்பம், கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம். மழைக்காலம் முடிந்ததும் பொட்டலத்தை மாற்றுங்கள். எஃகுக் காசுகளுக்கு முதல் எதிரி ஈரம்தான்.

ஹோல்டரின் ஓரத்தில் எழுத வேண்டியது நான்கே விஷயம்: மதிப்பு, ஆண்டு, எடை, எங்கிருந்து வந்தது. கடைசியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். என் 20 சாண்டிம் ஒன்றில் "பாட்டி, ரீகா, ஊறுகாய் பாட்டில்" என்று எழுதியிருக்கிறேன். விலை எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை மட்டும் நோட்டில் தனியாக எழுதுங்கள். ஆல்பத்தைப் பார்க்க வரும் உறவினருக்கு அது தெரிய வேண்டியதில்லை.

படி 9: முன்னும் பின்னும்

லாட்ஸ் செட் முடிந்தபின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நாணயம் சேர்த்தால் தொகுப்பு வாய் பேச ஆரம்பிக்கும்.

முன்னால் வைக்க வேண்டியது 1929, 1931, 1932 தேதிகளில் வந்த வெள்ளி 5 லாட்ஸ். 25 கிராம், 37 மில்லிமீட்டர், உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். அதில் நாட்டுப்புற உடையில், தலையில் கிரீடமும் பின்னலுமாக ஒரு பெண். வடிவமைத்தவர் ரிஹார்ட்ஸ் ஸாரின்ஷ். முகத்துக்கு மாதிரியாக நின்றவர் ஸெல்மா பிராவரே, அரசு அச்சகத்தில் வேலை பார்த்தவர். மக்கள் அவளுக்கு மில்டா என்று பெயர் வைத்தார்கள். 1941இல் சோவியத் ஆட்சி லாட்ஸைச் செல்லாததாக்கிய பிறகும் பல வீடுகளில் மில்டாவை ஒளித்து வைத்திருந்தார்கள். வெள்ளி என்பதால் விலை வேறு தளத்தில் இருக்கும். போலிகளும் உலவுகின்றன. எடை, விட்டம், காந்தம் மூன்றையும் பார்த்து, நம்பகமானவரிடம் மட்டும் வாங்குங்கள். முதல் ஆண்டிலேயே வேண்டாம்.

பின்னால் வைக்க வேண்டியது லாட்வியாவின் 2014 யூரோ. 1 யூரோவிலும் 2 யூரோவிலும் அதே மில்டா திரும்ப வந்துவிட்டாள். 2 யூரோவின் ஓரத்தில் "கடவுளே, லாட்வியாவை ஆசீர்வதி" என்று லாட்விய மொழியில் பொறித்திருக்கும். பழைய வெள்ளி 5 லாட்ஸின் ஓரத்திலும் அதே வாசகம்தான். ஐரோப்பா போய்வரும் யாரிடம் சொன்னாலும் சில்லறையில் இருந்து பொறுக்கிக்கொண்டு வருவார்கள், செலவில்லை.

என் நிலவரம்: முதல் இரண்டு சுற்றும் முடிந்தன. சிறப்பு லாட்ஸில் 22 வந்துவிட்டது, லாடம் இரண்டும் சேர்த்து. 2001க்கான கட்டம் மட்டும் இன்னும் காலி. போன மாதம் ஒருவர் நாரை காட்டினார், முகமதிப்பைப் போல இருபது மடங்கு கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அக்கா மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், பாட்டியின் தெருவில் வேறு யார் வீட்டிலாவது ஊறுகாய் பாட்டில் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லி.